மண்டபத்திலிருந்து இறங்கிய கல்

மயிலாப்பூர்,
9-11-1997

அன்புள்ள ஹம்சினிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாஸ்டன் குளிரில் ஜலதோஷம் இல்லாமல் நலமாயிருக்க வேண்டும். இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். பூங்கா மண்டபத்தை இடிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகச் சொல்கிறேன்.

சாயங்காலம் ரேடியோ வைப்பார்களே, நீ தூணைச் சுற்றிச் சுற்றி ஓடுவாயே, அந்த ஓட்டுக்கூரை மண்டபம்தான். இரண்டு வருஷமாகத் தூண்களில் பூச்சு பொரிந்து செங்கல் மாவாக உதிர்ந்தது, இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்று மாநகராட்சிப் பொறியாளர் எழுதிவிட்டார். வாக்கர்ஸ் சங்கச் செயலாளர் என்ற முறையில் மனு மேல் மனுவாகப் போட்டேன். கடைசியில் பழைய கட்டடங்களில் வேலை செய்யும் கொத்தனார் கரீமுல்லாவை அழைத்துவந்தோம். அவர் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, மண்டபத்துக்கு ஒண்ணும் ஆவல சார், எவனோ மேல சிமென்ட்டு பூசி வெச்சிருக்கான், அதான் ஈரத்த உள்ளயே புடிச்சிக்கினு கீது என்றார். அந்த எவனோ நான்தான். உன் முதல் சம்பளத்தில் நீ அனுப்பியதை வைத்து, வெறும் சுண்ணாம்பு அடித்தால் யார் கண்ணிலும் படாது என்று, நன்றாயிருந்த தூண்களுக்கு சிமென்ட் பூசி உன் பெயரில் உபயக் கல்லும் பதித்தேனே. இரண்டு நாள் பூங்காப் பக்கமே போகவில்லை, அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மாதான், கல்லு வெச்ச அன்னிக்கு ஊரைக் கூட்டினேளே, இன்னிக்கும் நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்கோ என்று விரட்டினாள். சங்கக் கூட்டத்தில் பொறியாளரை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அடுத்த வீட்டு வெங்கடரமணன் மட்டும் சிரித்தார். பொறியாளர் இடிக்கும் யோசனையை விட்டுவிட்டார்.

சித்திரையில் சிமென்ட்டை உடைத்தெடுத்து, தூண்களைக் கோடை முழுக்கக் காயவிட்டு, பழையபடி சுண்ணாம்பே பூசினார்கள். உளுத்த சட்டம் இரண்டை மட்டும் மாற்றி, நல்ல ஓடுகளையே மறுபடி அடுக்கினார்கள். எல்லாம் முடிந்ததும் கரீமுல்லா உன் கல்லைத் துடைத்து எடுத்துவந்து, பாப்பா பேர திரும்ப வெச்சிடட்டா சார் என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கட்டினவர்களே தங்கள் பெயரை அங்கே வைக்கவில்லை, அதனால் வேண்டாம் என்றுவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது மனதை உறுத்துகிறது, கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் கொட்டிய மழையில் நடக்க வந்தவர்கள் அத்தனை பேரும் அதற்குள்தான் ஒதுங்கினோம். மூன்றாம் நாள் தனியாகப் போய் ஒவ்வொரு தூணிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அம்மாவிடம் சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசிகள். ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு தூங்காதே. ஜனவரிக்கு டிக்கெட் எடுக்க மறக்காதே. உன் கல் நம் கொல்லைக் குழாயடியில் கவிழ்ந்து கிடக்கிறது, அம்மா அதன்மேல்தான் துணி துவைக்கிறாள். எழுத்து அடிப்பக்கம் இருக்கிறது. நீ வந்ததும் நிமிர்த்திக் காட்டுகிறேன்.

என்றும் உன் நலம் கோரும்
அப்பா,
ஸ்ரீரங்கன்