சலித்த மண்

வேங்கிக்கால்
5-10-1983

வேணுக் கண்ணு,

நானும் அப்பாவும் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு. இந்த வருஷமும் வேர்க்கடலை அப்படித்தான். மேலே கொழுகொழுன்னு இருக்கு, பருப்பைப் பிளந்தால் நடுவில் குழி, பழுப்பு. திருவண்ணாமலை மண்டியில் எல்லார் எதிரிலும் பிளந்து காட்டி, "இன்னா கோதண்டம், உன் கடலைக்கு வவுறு ஒட்டிப்போச்சா?"ன்னு சிரித்தார்களாம். அப்பா அன்றைக்குச் சோறு தொடவில்லை. நீ கேட்ட மண்ணைப் பார்சலில் போட்டிருக்கிறேன். உன் மண் பரிசோதனை ஆபீசில் பார்த்துச் சொல்லு. அப்பா உன்னைத்தான் நம்பியிருக்கிறார்.

அம்மா
ஆதிலட்சுமி


கோயமுத்தூர்
28-10-1983

அன்புள்ள அம்மாவுக்கு,

மண்ணைப் பரிசோதித்தேன். கடலையில் குழி விழுந்தால் போரான் சத்து கம்மி என்று நினைப்போம். சோற்றுக்கு உப்பு மாதிரி, துளிதான் வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் பருப்பு நிறையாது. தட்டார் கடையில் வெங்காரம் பார்த்திருப்பாயே, அதில் அந்தச் சத்து உண்டு. ஆனால் நீ அனுப்பிய மண்ணில் அது போதுமான அளவு இருக்கிறது. மேலும் போட்டால் இலை கருகும். போடச் சொல்லப் பயமாக இருக்கிறது. நான் எழுதினபடி நிலத்தில் பல இடத்தில் எடுத்துக் கலந்ததுதானே?

வேணு


வேங்கிக்கால்
7-11-1983

வேணுக் கண்ணு,

நீ சொன்னபடிதான் எடுத்தேன். சந்தேகமே வேண்டாம். உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ குழி எங்கேருந்து வந்துச்சாம்?" என்கிறார். தீபத்துக்கு வா, நேரில் பேசிக்கலாம்.

அம்மா


வேங்கிக்கால்
10-11-1985

வேணுக் கண்ணு,

அந்த வருஷம் தீபத்துக்கு வந்தாய். உறவுக்காரர் எதிரில் அப்பா, "குழிக்குக் காரணம் சொல்லத் தெரில, இவன் இன்னா படிச்சான்?" என்றார். தலை குனிந்து நின்றாய். சாப்பிடாமல் பஸ் ஏறினாய். அப்புறம் வரவேயில்லை. மஞ்சள்காமாலையில் நீ போனபிறகு உன்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

இந்த ஆடியில் நிலம் முழுக்கச் சுற்றி மண் எடுத்தேன். உன் ஆபீசுக் கூட்டாளி சக்கரவர்த்தி பரிசோதித்து, போரான் ரொம்ப கம்மின்னு எழுதினான். ஏக்கருக்கு நாலு கிலோ வெங்காரம், மணலோடு கலந்து தூவினோம். நேற்று மண்டியில் பருப்பைப் பிளந்தார்கள். குழியே இல்லை. அப்பா அந்தப் பருப்பை மடியில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். "எம்புள்ள சொன்ன மருந்துதான்"னு எல்லாரிடமும் சொல்கிறார். சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

அவருக்குத் தெரியாது. உன் அதிகாரிங்க பார்க்கிற மண்ணாச்சே, கேவலமா இருக்கக் கூடாதுன்னு, குப்பைமேட்டு ஓரத்துக் கறுப்பு மண்ணைச் சல்லடையில் சலித்துத்தான் அன்றைக்கு அனுப்பினேன். வயலில் கால் வைக்கவில்லை. நீ கேட்டும் பொய் எழுதினேன்.

உன்னோடு கோயமுத்தூரிலிருந்து வந்த பெட்டியை இன்றைக்குத்தான் திறந்தேன். அடியில் என் மண் பை. மேலே உன் கையெழுத்து: "அம்மா அனுப்பியது. சலித்த மண். எரு வாசனை." தேதி, நீ வந்த அந்தத் தீபத்துக்கு முந்தின வாரம்.

தெரிந்துகொண்டுதானே வந்தாய்? அப்பா அத்தனை பேர் எதிரில் கேட்டபோது, ஏன்டா கண்ணு என்னைக் கைகாட்டவில்லை?