பீர் பெட்டி என்று பதிவான மோர்ட்டார் காயம்

அனுப்புநர்:
வென்டெல் ஹாகன் (வயது 77),
முன்னாள் பீரங்கிப் படைவீரர்,
14, மில் தெரு,
எல்க் ஃபோர்டு, மினசோட்டா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இராணுவப் பதிவேடுகள் திருத்த வாரியம்,
வாஷிங்டன்.

பொருள்: 1969 மார்ச் 11 அன்று வியட்நாமில் எதிரியின் மோர்ட்டார் குண்டால் எனக்கு ஏற்பட்ட காயம், பீர் பெட்டியின் மேல் உட்கார்ந்ததால் ஏற்பட்டதாகப் பதிவாகியிருப்பதைத் திருத்தி, போரில் காயமுற்றோருக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவில் இராணுவத்தின் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. பதிவேட்டில் உள்ள பொய், நான் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது. வாரியம் விசாரித்துக் கண்டுபிடிக்கும் சிரமம் வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். நான் நாற்பத்தொரு ஆண்டுகள் எங்கள் வட்டாரச் செய்தித்தாளில் நிருபராக இருந்தவன். ஒருவர் பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் மறுநாளே திருத்தம் வெளியிடுவோம். என் சொந்த விஷயத்தில் ஐம்பத்தாறு ஆண்டுகள் தாமதமாகிவிட்டது.

2. சம்பவம் வருமாறு. டே நின் மாகாணத்தில் இருந்த எங்கள் பீரங்கித் தளத்தின் மீது அன்று மாலை 5.40 மணிக்கு எட்டு மோர்ட்டார் குண்டுகள் விழுந்தன. நான் இரு கைகளிலும் தண்ணீர்க் கேன்களோடு சமையற்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீரச் செயல் எதுவும் செய்யவில்லை. ஆறாவது குண்டு எனக்குப் பின்னால் விழுந்தது. இடது பிட்டத்தில் மூன்று இரும்புத் துண்டுகள் பாய்ந்தன. எங்கள் மருத்துவ உதவியாளர் ஆரின் பெல்லமி, அப்போது இருபத்திரண்டு வயது, இரண்டை இடுக்கியால் எடுத்தார். மூன்றாவது ஆழத்தில் இருந்தது. "அது உள்ளயே இருக்கட்டும்டா, வாடகையா கேக்கப்போவுது" என்று சொல்லிக் கட்டுப்போட்டார்.

3. காயமுற்றோர் பட்டியலில் என் பெயரை எழுத அவர் பேனாவை எடுத்தபோது, நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். காரணம் என் தாயார். 1944-ல் அவருடைய தம்பி ஆர்லோ காயமுற்றதாக ஒரு செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. வீட்டார் பிழைத்துக்கொள்வான் என்று ஆறுதலடைந்திருந்தபோது, வெள்ளிக்கிழமை இரண்டாவது தந்தி வந்தது. அதன் பிறகு 'காயம்' என்ற சொல்லை என் தாயார் நம்பியதில்லை. என்னைப் பற்றி ஒரு தந்தி போனால், அடுத்த தந்திக்காக அவர் வாசலிலேயே நிற்பார் என்பது எனக்குத் தெரியும். அதை ஆரினிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "சரி, மோர்ட்டார் வேணாம். வேற எதாவது சொல்லு. சீக்கிரம் சொல்லு, இன்னும் ரெண்டு பேர் படுத்திருக்கானுங்க" என்றார். எதிரில் ஒரு பீர் பெட்டி கிடந்தது. அதைக் காட்டினேன்.

4. ஆகவே மருத்துவக் குறிப்பில் "பணி நேரம் முடிந்தபின் பீர் பெட்டியின் மேல் உட்கார்ந்தபோது உடைந்த பாட்டில் குத்தியது" என்று பதிவாயிற்று. எங்கள் தளத்துக்குப் பீர் தகரக் கேன்களில் மட்டுமே வந்தது என்பதை வாரியத்தின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அந்தத் தளத்தில் உடைவதற்கு ஒரு பாட்டில்கூட இருந்ததில்லை. நான்கு நாள் கழித்து, வியட்நாமுக்கு வந்து ஒன்பதே நாளான ஓர் இளம் லெப்டினென்ட் இதை விசாரித்தார். எல்லாவற்றையும் நேரில் பார்த்திருந்த எங்கள் சார்ஜென்ட் டெல்காடோ முகத்தில் சிறு அசைவும் இல்லாமல், "ஆமா சார், அவன் எப்பவும் அப்படித்தான் உட்காருவான்" என்று சாட்சி சொன்னார். லெப்டினென்ட் "சொந்தக் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. சார்ஜென்ட் 2011-ல் காலமானார்.

5. தந்தி போகவில்லை. ஆனால் குப்புறப் படுத்து எழுதிய என் கடிதத்தில் கையெழுத்துக் கோணியிருந்ததைக் கண்டு தாயார் காரணம் கேட்டார். பீர் பெட்டிக் கதையை அவருக்கும் எழுதினேன். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. 1998-ல் அவர் மறையும் வரை, ஒவ்வொரு விருந்திலும் என் நாற்காலியைத் தட்டிப் பார்த்து, "பாத்து உட்காரு வென்டெல்" என்பார். அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டேன்.

6. ஊரிலும் அந்தக் கதையே நிலைத்தது. எங்கள் ஊர் முன்னாள் வீரர் மன்றத்தின் சுவரில், போரில் காயமுற்றோர் இருபத்திரண்டு பேரின் பெயர்ப்பலகை உள்ளது. அவர்களில் பத்தொன்பது பேரைப் பற்றி நான் செய்தி எழுதியிருக்கிறேன். மே மாத நினைவு நாள் ஊர்வலத்தில் அவர்கள் டிராக்டர் வண்டியில் வருவார்கள். மற்றவர்கள் பின்னால் நடப்போம். மூன்று ஆண்டுகளாக என் இடுப்பு அதற்கும் இடம் கொடுப்பதில்லை, ஓரமாக நின்று பார்க்கிறேன். இவ்வாண்டு என் நண்பர் க்ளிஃப் மார்ஸ்டன் வண்டியிலிருந்து என்னைப் பார்த்து, "டேய் பெட்டி! பாட்டில் குத்துனவனுக்கெல்லாம் தனியா ஒரு வண்டி விடச் சொல்லவா?" என்று கத்தினார். அனைவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். க்ளிஃப் தம் பதக்கத்துக்கு முழுத் தகுதியுடையவர். அவருடைய வலது காது இப்போதும் பாதிதான் இருக்கிறது. ஆனால் வீடு வரும் வழியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பலகையில் என் பெயர் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மனுவில் இதற்கு வேறு கௌரவமான காரணம் எழுத முயன்றேன். உண்மையான காரணம் இதுதான்.

7. அதற்கு அடுத்த வாரம் இடுப்பு வலிக்காக எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. படத்தில் ஒன்பது மில்லிமீட்டர் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு தெரிந்தது. டாக்டர் என் பழைய குறிப்பையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் ஹாகன், நீங்க என்ன பிராண்டு குடிச்சீங்க?" என்று கேட்டார். என் மனைவி மார்வா உடனிருந்தார். நாற்பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தினர் எல்லோருக்கும் பீர் பெட்டிக் கதையைச் சொன்னவர் அவர்தான். காரில் ஏறியதும், "எத்தனை பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கியிருக்க? கணக்குச் சொல்லு" என்றார். பிறகு முழுவதும் சொன்னேன். வீடு சேர்ந்ததும் வாரியத்தின் விண்ணப்பப் படிவத்தை அவரே எடுத்து மேசையில் வைத்தார்.

8. கீழ்க்கண்ட சான்றுகளை இணைத்துள்ளேன். முதலாவது, எக்ஸ்ரே அறிக்கை. இரண்டாவது, அன்றைய தளத் தினக்குறிப்பின் நகல்; தாக்குதலின் நேரமும் எட்டுக் குண்டுகளும் அதில் உள்ளன. காயமுற்றோர் இருவர் என்று அது கூறுகிறது. மூவர் என்று இருக்க வேண்டும். மூன்றாவதும் முக்கியமானதும் ஆரின் பெல்லமியின் சட்டைப்பைக் குறிப்பேடு. அரசுத் தாளில் பொய் எழுதிய அவருக்குத் தம் சொந்தக் குறிப்பேட்டில் அதை எழுத மனம் வரவில்லை. மார்ச் 11-ம் தேதிப் பக்கத்தில், அந்த இருவரின் பெயருக்குக் கீழே, அதே பென்சிலில், "ஹாகன், மோர்ட்டார், இடது பிட்டம், மூன்று, எடுத்தது இரண்டு" என்றுள்ளது. அதை டென்னசியில் தம் வீட்டில் இத்தனை ஆண்டுகளும் பத்திரமாக வைத்திருந்தார்.

9. நான்காவது இணைப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூலையில் என் முழுக் கோப்பின் நகல் கிடைத்தது. அதில் 1968 செப்டம்பரில் பயிற்சி முகாமில் நான் நிரப்பிய அவசரத் தொடர்புப் படிவம் இருந்தது. "சிறு காயமெனில் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டாம்" என்ற கட்டத்தில் டிக் அடிக்கப்பட்டுள்ளது. பேனாவும் கையெழுத்தும் என்னுடையவை. அதாவது, ஆரின் உண்மையை எழுதியிருந்தாலும் தந்தி போயிருக்காது. அந்தக் கட்டத்தை நான் அடியோடு மறந்துவிட்டிருந்தேன். ஆரினுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "ஏன்டா பாவி, நான் எழுதுனது ஒரே ஒரு பொய்யி. அதுக்காக ஐம்பத்தாறு வருஷம் சர்ச்சுல முழங்கால் தேய மண்டி போட்டிருக்கேன். நீ டிக் அடிச்சுட்டு மறந்துட்டேங்கிற?" என்றார். அதற்குப் பின் அவர் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோவென்று அவர் மனைவி ஓடிவந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

10. தவறு தெரிந்த மூன்றாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. பதிவில் உள்ள தவறு எனக்கு முதல் நாளே தெரியும். அறியாமையைக் காரணமாகக் காட்ட இயலாது. நீதியின் பொருட்டுத் தாமதத்தை மன்னிக்க வாரியத்துக்கு உள்ள அதிகாரத்தையே நம்பியிருக்கிறேன்.

11. எனவே, காயத்தின் காரணத்தை "எதிரியின் மோர்ட்டார் குண்டு" எனத் திருத்தி, "சொந்தக் கவனக்குறைவு" என்ற முடிவை நீக்கி, பதக்கத்தை வழங்க ஆணையிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

12. ஒரு நிபந்தனையும் உண்டு. ஆரின் பெல்லமி அந்த ஒரு வரியைத் தவிர அன்று மூன்று பேருக்குச் செய்த அனைத்தும் சரியானவை. மூவரும் உயிரோடு ஊர் திரும்பினோம். பொய்ப் பதிவு செய்தார் என்று அவர் மீது ஒரு குறிப்பு ஏறுமானால், இம்மனுவைத் திரும்பப் பெற்றதாகக் கருதவும்.

13. இதன் வரைவை ஆரினுக்கு அனுப்பியிருந்தேன். பன்னிரண்டாம் பத்தியைப் படித்ததும் அழைத்தார். "நீ வாபஸ் வாங்கிப் பாரு, மறுநாளே நான் மனுப் போடுறேன். எழுதுன கை என்னுது, அடிச்சுத் திருத்துற உரிமையும் என்னுதுதான்" என்றார். அவருடைய விண்ணப்பப் படிவம் நிரப்பப்பட்டுத் தபால்தலையுடன் தயாராக இருப்பதாக அவர் மனைவியும் உறுதி செய்தார். ஆகவே வாரியம் இந்தக் காயத்தை எப்படியும் ஒருமுறை விசாரிக்க வேண்டியிருக்கும். எழுபத்தெட்டு வயதுக்காரரை வரிசையில் நிற்க வைக்காமல், என் மனுவிலேயே முடித்துத் தருமாறு வேண்டுகிறேன்.

இணைப்பு: நான்கு சான்றுகள், ஆரின் பெல்லமியின் உறுதிமொழிப் பத்திரம்.

இடம்: எல்க் ஃபோர்டு
நாள்: 6 அக்டோபர் 2025

இப்படிக்கு,
மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதியளிக்கும்,

(கையொப்பம்)
வென்டெல் ஹாகன்