ஆறு பேருக்கு ஒரு மருந்துச்சீட்டு

உலகம்மாளுக்கு தளவாய் எழுதுவது. நீயும் மகளும் சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

என்னோடு விழிஞ்ஞத்தில் கம்பி கட்டும் செல்வகணேஷ் ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டான். நீ பயப்படாதே. அவனுக்கு மாதக்கணக்கில் தலைவலி. டாக்டரிடம் போனால் ஒருநாள் வேலை போகும் என்று, என் பிரஷர் மருந்துச்சீட்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்கித் தின்றான். நான்தான் கொடுத்தேன். அறையில் ஆறு பேருக்கும் அந்த ஒரு சீட்டுதான்.

அவன் இறந்த ஆஸ்பத்திரியில் தந்த காகிதத்தை, எனக்குச் சீட்டு எழுதித் தந்த சுஜா டாக்டரிடம் காட்டினேன். "கிட்னி போயிருக்கு தளவாய், அதான் அந்தத் தலைவலி. ஒரு தடவ எங்கிட்ட வந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேனல்லோ" என்றார். என்னை வையவில்லை. வைதிருக்கலாம்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் ஒரு போர்வை கொடுத்துவிடு. என்னுடையதை அவன்மேல் போர்த்தி அனுப்பிவிட்டோம்.

நான் வீட்டில் விட்டுவந்த பழைய சீட்டில் நீயும் மாத்திரை வாங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். அதைக் கிழித்துப் போடு. நாளைக்கே போய் டாக்டரிடம் கையை நீட்டு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. உன் பெயர் எழுதிய சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

தளவாய்