பதினெட்டாவது குழியில் கேட்ட குரல்

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். முப்பத்தைந்து வயதாகிவிட்டது, நாற்பது பேருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறாய், இன்னும் என்ன வாலு என்று முறைப்பாய். எனக்கு வேறு பெயர் வாயில் வருவதில்லை. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிப் பழகிய கை, இந்தத் தடவை அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. நீயாவது சுகமாக இரு.

உன் அண்ணி வியாழக்கிழமை ரயிலேறி உன்னிடம் வருகிறாள். தனியாகத்தான் வருகிறாள். சனிக்கிழமை காலை எட்டரைக்கு உன் ஊரில் இறங்குவாள். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் கூரியரில் அனுப்புகிறேன். வீட்டில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. நூலகத்தில், செய்தித்தாள் மேசையின் ஓரத்தில் இடம் பிடித்திருக்கிறேன். எதிரில் ஒருவர் வேலைவாய்ப்புப் பக்கத்தை வரி வரியாக விரலால் தேய்த்துப் படிக்கிறார். பக்கம் புரட்டும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. இந்த அமைதி பரவாயில்லை. வீட்டில் இருக்கிற அமைதி வேறு மாதிரி.

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடியில் உன் அறைக்கு மேலே ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று. பதினோரு வருடமாக நீ வந்து படுக்காத அறை, ஆனாலும் பூசினேன். அண்ணி உன் மேல் கோபமாக இருக்கிறாளா, அதனால்தான் போனில் பேச வருவதில்லையா என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய். நானும் 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாகப் போனால்தான் எனக்கு வரும். முப்பது வருடம் நிலம் அளந்தவனுக்கு ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத்தான் நடக்கத் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், அன்று நம் கோல்ஃப் கிளப்பில் மகளிர் கோப்பையின் இறுதி ஆட்டம். நீயும் அண்ணியும் எதிரெதிராக. ஜெயிப்பவளுக்கு மாநில அணியில் இடம் உண்டு என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நடுவராக வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். விதிப்புத்தகம் தெரிந்தவன் என்று கிளப்பில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீங்களும் சரி என்றீர்கள். 'ஸ்கேல் வீட்டுக்குள்ளயே மேட்ச், கோப்பை எப்படியும் அவர் அலமாரிக்குத்தான்' என்று, எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரைச் சொல்லிச் செயலாளர் கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளே மட்டும் சுருக்கென்றது. இன்று ஒரு பேச்சுக்கும் இடம் கொடுக்கக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

நம் மைதானத்தில் ஒன்பது குழிதான். இரண்டு சுற்று போனால் பதினெட்டு. பதினேழு முடிந்தபோது சமம். பதினெட்டாவதில் நீ நாலாவது அடியில் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டாய். அண்ணியின் பந்து மூன்றாவது அடியில் குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டினாலும் விழும். அதுவும் விழுந்தால் அந்தக் குழியும் சமம், ஆட்டம் இன்னும் நீளும். குழிக்குக் குழி மோதுகிற ஆட்டத்தில் அவ்வளவு கிட்டே நிற்கும் பந்தை அடிக்கச் சொல்வதில்லை. எதிராளி 'எடுத்துக்கோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விழுந்ததாகவே கணக்கு. அன்று காலையிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி அப்படி எத்தனை பந்தை விட்டுக்கொடுத்திருப்பீர்கள். நீ அந்தக் கடைசிப் பந்துக்கு வாயைத் திறக்கவில்லை. உன் பந்தைக் குழியிலிருந்து எடுத்துக்கொண்டு, அடுத்து ஆட வேண்டிய இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டாய். தூறல் ஆரம்பித்திருந்தது. அண்ணி குனிந்து நின்றாள். பிறகு மட்டையைத் தளர்த்திவிட்டு, கையால் பந்தை எடுத்தாள்.

நான் ஆட்டத்தை நிறுத்தினேன். நீ சொன்னாயா என்று உன்னைக் கேட்டேன்.

'சொல்லலண்ணா. ஆனா சொல்லியிருப்பேன்' என்றாய்.

சொல்லியிருப்பேன் என்று விதியில் ஒன்றும் கிடையாது என்றேன் நான். எடுத்த பிறகு விட்டுக்கொடுக்கவும் முடியாது என்றேன். நீ அழ ஆரம்பித்தாய். அண்ணி என்னைத்தான் பார்த்தாள்.

'எடுத்துக்கோன்னு காதுல விழுந்துச்சுங்க. யாரும் சொல்லலையா?'

யார் சொன்னது என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அனுமதியில்லாமல் பந்தைத் தொட்டதற்கு ஓரடி அபராதம், குழி உனக்கு, ஆட்டம் உனக்கு என்று அறிவித்தேன். ஐம்பது பேர் நின்ற இடத்தில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை.

இதுவரைதான் உனக்குத் தெரியும்.

அவள் காதில் விழுந்தது என் குரல், வாலு.

என்னோடு படித்த கண்ணாடிக்கடைக்காரன் உனக்கு ஞாபகமிருக்கும். அவன் அன்று எனக்குப் பின்னால் நின்றான். தூறல் விழுந்ததும், என் பக்கத்தில் சாத்தியிருந்த குடையைக் காட்டி, எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று சைகையில் கேட்டான். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டுமாம். அண்ணி குனிந்து நிற்கிறாளே, சத்தம் போடக்கூடாதே என்று கிசுகிசுத்தேன். 'எடுத்துக்கோ.' அவன் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவளுக்கும் எனக்கும் நடுவில் எட்டடி இருக்கும். காற்று என் பக்கத்திலிருந்து அவள் பக்கம் அடித்தது. கிசுகிசுப்பில் ஆண்குரல், பெண்குரல் தெரியாது.

இது எனக்குப் பிறகு தோன்றியதில்லை. அவள் பந்தை எடுத்து நிமிர்ந்த அந்த நொடியிலேயே தெரியும். உன்னிடம் 'நீ சொன்னியா' என்று கேட்கும்போது தெரிந்துகொண்டுதான் கேட்டேன். நான் வாயைத் திறந்து, அது என் சத்தம் என்று சொல்லியிருந்தால் போதும். தப்பாகப் புரிந்துகொள்ள நியாயமான காரணம் இருந்தால் அபராதமில்லை. பந்தை இருந்த இடத்திலேயே வைத்து அடிக்கச் சொல்லியிருக்கலாம். அதுவும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. பெண்டாட்டியைக் காப்பாற்றக் கதை கட்டுகிறான் என்று செயலாளர் சிரிப்பாரே என்று பயந்தேன். ஒரு நிமிடம் தள்ளிப்போட்டேன். ஒரு நிமிடம் தள்ளிப்போனதும் சொல்ல முடியாததாகிவிட்டது.

அதோடு விட்டிருந்தால்கூட ஒரு மாதிரி. அன்று சாயங்காலம் கிளப்பில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சொந்தப் பெண்டாட்டி என்றுகூடப் பார்க்கவில்லை, இவனல்லவா நடுவர் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதத்தான் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது, வாலு. விதிக்குழுவுக்குத் தலைவராக்கினார்கள். ஒன்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சமையலறையில் வைத்து அண்ணி இன்னொரு தடவை கேட்டாள். 'நிஜமாவே யாரும் சொல்லலையா?' யாரும் சொல்லவில்லை, உனக்குப் பிரமை என்றேன்.

விட்டுக்கொடுப்பது என்ற சொல்லுக்கு நம் பேச்சில் இரண்டு அர்த்தம் உண்டு. மைதானத்தில் சொல்கிற அர்த்தம் ஒன்று. ஐம்பது பேர் முன்னால் நம் ஆளைக் கைவிடுவது இன்னொன்று. அந்தப் பந்தைத்தான் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவளை நான் விட்டுக்கொடுத்தேன்.

நீ ஊரைவிட்டுப் போன பிறகு அவள் காதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றையும் விடாமல் அழுத்தினாள். இவ்வளவு சன்னமான சத்தம் கேட்கிறவர்கள் குறைவு என்று அங்கிருந்த பெண் பாராட்டினாள். அறிக்கையை அண்ணி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, 'அப்ப கோளாறு காதுல இல்ல' என்றாள். நான் ஆட்டோ பிடிக்கப் போனேன்.

அதிலிருந்து எதையும் ஒரு தடவை கேட்டு நம்புவதை விட்டுவிட்டாள். பல் டாக்டர்கள் போனில் சொல்லும் அளவை எழுதிக்கொள்வாள், திரும்ப அழைத்துக் கேட்பாள், மறுபடியும் அழைப்பாள். பத்துப் பன்னிரண்டு டாக்டர்களுக்குப் பல்செட் செய்துகொடுத்த கை அது, ஒரு செட்டும் திரும்பி வந்ததில்லை. மூன்று வருடத்தில் ஒவ்வொருவராக வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பட்டறை அறையைப் பூட்டினாள். பல் அச்சு வார்க்கிற மாவு மூட்டை மூட்டையாகவே இறுகிப்போயிற்று. அலமாரியில் பழைய அச்சுகள் வரிசையாக, எல்லாம் வாயைத் திறந்தபடி இருக்கும். ஏதாவது தேட அங்கே போனால் என்னால் இரண்டு நிமிடம் நிற்க முடியாது. உன் போனுக்கு அவள் வராததும் இதனால்தான். கோபம் கிடையாது. நீ ஒன்று சொல்ல, தனக்கு வேறு ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

வீட்டில் நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அடுத்த அறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்று, 'ஏதாவது சொன்னீங்களா?' என்பாள். இல்லை என்பேன். சரி என்று போய்விடுவாள். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. பதினோரு வருடம். பேருந்தில், காய்கறிக் கடையில், யாராவது யாரிடமாவது 'எடுத்துக்கோ' என்றால் திரும்பிப் பார்ப்பேன். அவள் பக்கத்தில் இருந்தால் அவளும் திரும்பிப் பார்ப்பாள். இரண்டு பேரும் ஒன்றையே கேட்டோம் என்று அவளுக்குத் தெரியாது.

போன மாதம் கண்ணாடிக்கடைக்காரன் வந்தான். அந்த ஆட்டம் நடந்த மாதமே கடையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் போனவன். மகளுக்குக் கல்யாணமாம், அழைக்க வந்திருந்தான். காபி குடித்துக்கொண்டே பழைய கதை பேசினான். கடைசியாக என்னைப் பார்த்தது அந்த இறுதி ஆட்டத்தில்தானாம். 'குடையைக் கேட்டேன், எடுத்துக்கோன்னு காதோட சொன்னியே, இன்னும் திருப்பித் தரல பாரு' என்று சிரித்தான்.

அண்ணி தட்டோடு நின்றாள். எப்போது சொன்னார் என்று அவனைக் கேட்டாள். நீங்கள் பந்தைத் தட்டக் குனிந்து நின்றீர்களே, அப்போதுதான் என்றான் பாவம், ஒன்றும் அறியாமல். அவன் போகும்வரை அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினாள். திரும்பி வந்து டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள்.

'உங்களுக்கு எப்பத் தெரியும்?'

ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. 'நீ பந்தை எடுத்தப்பவே' என்றேன்.

'ரெண்டு தடவ கேட்டேனே' என்றாள். சத்தம் போடவில்லை. அழவுமில்லை.

அன்றிலிருந்து நிலைப்படியில் வந்து நிற்பதில்லை. ஏதாவது சொன்னீர்களா என்று கேட்பதில்லை. இப்போது நான் நிஜமாகவே பேசுகிறேன், வாலு. கூப்பிடுகிறேன். பக்கத்தில் இருந்துகொண்டே திரும்பமாட்டாள். கேட்கிறது என்று எனக்குத் தெரியும். சாப்பாடு நேரத்துக்கு மேசையில் இருக்கும், துணி மடித்து இருக்கும். சில சமயம் நான்தான் அந்த வீட்டில் செத்துப்போய், தெரியாமல் நடமாடிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றும். பட்டறையைத் திறந்துவிட்டாள். இறுகின மூட்டையைத் தூக்கிப் போட்டுப் புது மாவு வாங்கி வந்திருக்கிறாள். ஒரு டாக்டர் அளவு சொல்லப் போன வாரம் அழைத்தார். ஒரே தடவை கேட்டு எழுதிக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்றுக் காலை, ஒரு மாதத்துக்குப் பிறகு, உன் விலாசம் வேண்டும், வியாழக்கிழமை ரயிலில் போகிறேன் என்றாள். எழுதிக் கொடுத்தேன். பயணச்சீட்டைக் காட்டவில்லை. திரும்பி வரவும் சேர்த்து எடுத்திருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. கிளப்புக்கும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அவர்கள் என்ன செய்தாலும் சரி. உன் பெயரில் இருக்கிற கோப்பையை அவர்கள் கேட்டால், என்ன பதில் சொல்வது என்று நீயே முடிவு செய்துகொள். நீ அன்று உண்மையைத்தான் சொன்னாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அண்ணி கூட்டத்தில் தடுமாறுவாள். ரயில் நிற்கும் நடைமேடைக்கே போய் நில். வண்டியில் ஜன்னல் ஓரமாக உட்காரவை, இல்லாவிட்டால் குமட்டும். அவள் எது கேட்டாலும் தெளிவாகப் பதில் சொல். அவள் எது சொன்னாலும், அப்படியா, நிஜமாகவா என்று திருப்பிக் கேட்காதே. முதல் தடவையிலேயே நம்பு. எத்தனை நாள் இருக்கிறாளோ இருக்கட்டும். எனக்காகப் பரிந்து பேசாதே. நான் எப்படி இருக்கிறேன் என்று அவளாகக் கேட்டால் மட்டும், முழங்கால் வலி பரவாயில்லை என்று சொல்.

வாசல் சாவி ஒன்றை அவள் பையின் பக்க அறையில் போட்டு வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ சொல்லிவிடு.

நீயும் அவளும் நன்றாக இருங்கள்.

உன்
அண்ணன்