நாலு ஞாயிற்றுக்கிழமை

ஆரணி
17-3-2025

கர்த்தருக்குள் பிரியமான என் வீட்டுக்காரருக்கு, அமராவதி எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் சுகத்துக்குத் தினமும் ஜெபிக்கிறேன்.

நேற்று போனில் நீங்கள் கத்தினீர்கள், நான் வைத்துவிட்டேன். இனிமேல் போன் வேண்டாம், கடிதத்திலேயே பேசிக்கொள்வோம். போஸ்ட் மாஸ்டர் பெண்டாட்டியே கடிதம் எழுதாவிட்டால் உங்கள் ஆபீசுக்கு வேறு யார் எழுதப்போகிறார்கள்?

மரக்காணத்துக்கு மாற்றலாகி ரெண்டு மாசம் ஆகிவிட்டது, ஆபீஸ் மாடியிலேயே வீடு இருக்கிறது, கடல் காற்று வருகிறது, புறப்பட்டு வா என்கிறீர்கள். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறீர்கள். உங்கள் வயிற்றுக்காக மட்டும் நான் வரமாட்டேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நம் கோயிலுக்கு டைல்ஸ் போடுவதா மொசைக் போடுவதா என்று கமிட்டியில் சண்டை. நீங்கள் மொசைக், என் அண்ணன் டைல்ஸ். அண்ணன் பக்கம் ஓட்டு விழுந்தது. "இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள், சொன்ன மாதிரியே இருந்துவிட்டீர்கள். நம் பெண் சந்தியா கல்யாணத்துக்கு மட்டும் வந்தீர்கள், அதுவும் தரையைப் பார்க்காமல் நடந்தீர்கள்.

அதனால் என் நிபந்தனை இதுதான். அந்த ஊரில் ஒரு கோயிலைக் கண்டுபிடியுங்கள். நீங்களே முதலில் போங்கள். நாலு ஞாயிற்றுக்கிழமை விடாமல் போனேன் என்று எழுதுங்கள், நான் மூட்டை கட்டுகிறேன். நான் வந்து கோயில் தேடி, அங்கேயும் தனியாகவே போய், "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்கிற புது ஆட்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

மோரில் உப்பு போட்டுக் குடியுங்கள். உப்பளம் இருக்கிற ஊரில் உப்புக்கா பஞ்சம்.

அன்புள்ள,
அமராவதி


மரக்காணம்
13-4-2025, ஞாயிறு

என் அருமை அமராவுக்கு,

மார்ச் மாசக் கணக்கு முடிக்கிற வேலையில் கடிதம் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

நல்ல சேதி. கோயில் கிடைத்துவிட்டது. இன்று காலையில் போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். பெரிய கோயில், நல்ல காற்றோட்டம், மின்விசிறி எல்லாம் புதுசு. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐயர் பிரசங்கத்தில் கெட்ட குமாரனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மகன் திரும்பி வருகிற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டும் சுமாராகப் பாடினார்கள். உன்னை மாதிரி பாட இங்கே ஆள் இல்லை.

ஆக, ஒரு ஞாயிறு முடிந்தது. இன்னும் மூன்றுதான். வரும்போது அந்தப் பெரிய இட்லிப் பானையை எடுத்து வா.

உன்,
அப்பாதுரை


ஆரணி
16-4-2025

சந்தியா அப்பாவுக்கு,

போன ஞாயிறு குருத்தோலை ஞாயிறு.

உலகத்தில் இருக்கிற அத்தனை கோயிலிலும் அன்றைக்குக் கையில் ஓலை பிடித்து ஓசன்னா பாடிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார்கள். நம் தெருமுனை டீக்கடைக்காரர்கூட பவனிக்காகப் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டார். நீங்கள் போன கோயிலில் மட்டும் ஓலையும் இல்லை, பவனியும் இல்லை, கெட்ட குமாரன் வந்திருக்கிறான். மின்விசிறி எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர் கண்ணுக்கு ஓர் ஓலை படவில்லையாம்.

நீங்கள் கோயிலுக்குப் போகாததுகூடப் பழகிப்போன வருத்தம். பொய் சொன்னது புது வருத்தம். அது பழகாது எனக்கு.

உண்மை எழுத முடிந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் தபால்தலையை வீணாக்க வேண்டாம்.

அமராவதி


மரக்காணம்
28-4-2025

அமரா,

தப்புத்தான். அன்றைக்கு நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. ஒன்பது மணி வரைக்கும் தூங்கினேன், எழுந்து தோசை தின்றேன். கண் கலங்கியது என்று எழுதினேனே, அது காரச் சட்னி. இனிமேல் உன்னிடம் ஒரு வரி பொய் எழுதமாட்டேன். இப்போது நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் தபால்காரர் தட்சணாமூர்த்தி நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். ஆனால் ஊரில் இருக்கிற கோயில் எல்லாம் அவருக்கு அத்துப்படி, எல்லா மதத்துக் கோயிலுக்கும் தபால் கொடுத்தவர். அவரிடம் கேட்டேன். "சார், உங்க ஏசு கோயிலே மூணு நாலு விதம் இருக்குது. நீங்க எந்த விதம்?" என்றார். "எல்லா விதமும் சொல்லுங்க, போய்ப் பாக்கறேன்" என்றேன்.

பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனேன். கூட்டமான கூட்டம். எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது நான் எழுந்து நிற்கிறேன், எல்லாரும் எழும்போது நான் முழங்காலில் போகிறேன். பக்கத்தில் இருந்த சவரிமுத்து என்கிறவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எழ வேண்டிய இடத்தில் ஒரு இழு, உட்கார வேண்டிய இடத்தில் ஒரு இழு. தங்கமான மனுஷர். ஆனால் எனக்குப் பழக இன்னும் இருபது வருஷம் ஆகும்.

ஈஸ்டருக்கு ஒரு ஜெபக்கூடம். தகரக் கொட்டகை. ஆண், பெண், குழந்தை எல்லாரும் தும்பைப் பூ மாதிரி வெள்ளை. நான் ஒருவன் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. டிரம்ஸ் அடித்தார்கள் பார், பக்கத்துத் தென்னை மரத்துக் காக்காய் எல்லாம் எழும்பிப் போய்விட்டது. நடுவில் பாஸ்டர் மைக்கில், "புதுசா வந்திருக்கிற சகோதரர் ஒரு சாட்சி சொல்லுவாங்க" என்றார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "என் வீட்டுக்காரிகிட்ட கோயிலுக்குப் போனேன்னு பொய் சொல்லிட்டேன்" என்றேன். மொத்தக் கொட்டகையும் அல்லேலூயா என்று கத்தியது. அவர்களும் நல்ல ஜனங்கள்தான் அமரா, சாப்பிடாமல் அனுப்பமாட்டோம் என்றார்கள். ஆனால் காதில் இன்னும் அந்த டிரம்ஸ் கேட்கிறது.

நேற்று, உப்பளத்தை ஒட்டின குடியிருப்பில் நம்மைப்போல் பாட்டுப் புத்தகம் வைத்துப் பாடுகிற கோயில் ஒன்று இருக்கிறது என்று தட்சணாமூர்த்தி சொல்லி, சைக்கிளில் போனேன். சின்னக் கோயில். எட்டரைக்குப் போய் நின்றேன். பூட்டு தொங்குகிறது. ஒரு ஆள் இல்லை. ஒன்பதேகால் வரை நின்று பார்த்தேன். வாசற்படி எல்லாம் உப்பு பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது. எந்தக் காலத்தில் மூடினார்களோ.

நமக்கு இந்த ஊரில் கோயில் இல்லை போலிருக்கிறது. நான் தேடாமல் சொல்லவில்லை, நம்பு.

உன்,
அப்பாதுரை


ஆரணி
1-5-2025

பிரியமுள்ள சந்தியா அப்பாவுக்கு,

சாட்சி சொன்ன இடத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு விஜயலட்சுமி என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கோபமெல்லாம் போய்விட்டது எனக்கு. ஆனால் நிபந்தனை போகவில்லை.

பூட்டியிருந்த கோயிலைப் பற்றி யாரிடமாவது கேட்டீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள். ஐம்பத்தெட்டு வயசில் நீங்கள் ஒருத்தரிடம் வழிகூடக் கேட்டதில்லை, பஸ் மாறி ஏறினாலும் அது போகிற ஊருக்கே போய் இறங்குவீர்கள். மூடிப்போட்ட கோயில் என்றால் வாசலில் புழுதி அல்லவா இருக்கும்? உப்பு பூத்திருக்கிறது என்றால் உப்புக் காலோடு ஆள் நடமாடுகிறது என்று அர்த்தம். எட்டரை மணிக்கு அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

போய்க் கேளுங்கள். வாயைத் திறந்து கேளுங்கள்.

எனக்கும் இங்கே வீடு பெரிசாகத்தான் தெரிகிறது. ஒருத்திக்கு அரிசி களையும்போது கை தானாக இன்னொரு பிடி போட்டுவிடுகிறது.

அன்புள்ள,
அமராவதி


மரக்காணம்
19-5-2025

என் அருமை அமராவுக்கு,

நீ இங்கே வந்து போஸ்ட் மாஸ்டராக உட்கார், நான் ஆரணிக்குப் போய் அரிசி களைகிறேன். நீ சொன்னதுதான் சரி.

மே நாலாம் தேதி காலையில் போனேன், மறுபடியும் பூட்டு. இந்தத் தடவை வாயைத் திறந்தேன். தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு அம்மாவைக் கேட்டேன். அவர் பெயர் சாலம்மாள். "ஏங்க, இப்ப உப்பு காலம். விடியறதுக்கு முன்னயே எல்லாரும் பாத்தியில எறங்கிட்டாங்க. ஞாயித்துக்கெழமைன்னா வெயிலு சும்மா இருக்குதா? வாராம விட்டா அவ்ளோதான். நம்ம கோயிலு பதினொன்றரைக்குத்தாங்க. மழ காலத்துல வாங்க, எட்டரைக்கு வைப்போம்" என்றார். அவர் உடம்பு சரியில்லாத நாத்தனாருக்குக் கஞ்சி வைக்க வந்து திரும்பவும் உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்குப் போனேன். வரப்பு மேல் வரிசையாக வருகிறார்கள். வீட்டுக்குப் போனால் அசதியில் படுத்துவிடுவோம் என்று பாத்தியிலிருந்து நேரே கோயிலுக்கு. ஆண்கள் லுங்கியை இறக்கிவிட்டு, பெண்கள் தலையில் கட்டின துண்டை அவிழ்த்து முக்காடாகப் போட்டுக்கொண்டு, முட்டி வரைக்கும் உப்பு. வாசலில் ஒரு தொட்டியும் ஒரு செம்பும் இருக்கிறது. வருகிறவர் அவரவர் காலை அவரவர் கழுவக்கூடாது, அதுதான் அங்கே வழக்கம். முன்னால் நிற்கிறவர் பின்னால் வருகிறவர் காலுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அப்புறம் செம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டும். யார், எவர் என்று பார்ப்பதில்லை.

எனக்கு முன்னால் நின்றவர் அரசப்பன். அவரும் உப்பு வாருகிறவர்தான், ஐயர் மாசம் ஒரு தடவை வருவதால் மற்ற ஞாயிறுகளில் அவரே ஆராதனை நடத்துகிறார். "என் கால்ல உப்பே இல்லைங்களே" என்றேன். "பரவால்ல, காட்டுங்க சார்" என்று குனிந்து ஊற்றினார். செம்பை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்குப் பின்னால் சாலம்மாள். பித்த வெடிப்பில் உப்பு ஏறி, பார்க்கவே எரிகிறது எனக்கு. நான் ஊற்றினேன். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா ஊத்துங்க, பயப்படாதீங்க" என்று சிரிக்கிறார்.

உள்ளே பெஞ்சு கிடையாது, பாய்தான். தரை முழுக்க உப்பு அரித்துக் குழிகுழியாக இருக்கிறது. டைல்ஸா மொசைக்கா என்று பதினோரு வருஷம் முறுக்கிக்கொண்டு இருந்தவன், அந்தக் குழியில் உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்தார்கள். அமரா, நான் அழுதுவிட்டேன். இது சட்னி இல்லை. உன்னைத் தனியாக விட்டேனே என்றுதான் அழுதேன். எனக்குக் கோபம் உன் அண்ணன் மேல், தண்டனை உனக்கு. இத்தனை வருஷத்தில் நீ ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

மூன்று ஞாயிறு முடிந்துவிட்டது. நேற்று என்னை வேதபாடம் வாசிக்கச் சொன்னார்கள். கண்ணாடி வியர்த்து ஒரு வசனத்தை ரெண்டு தடவை வாசித்துவிட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா எப்போ வர்றாங்க?" என்று தினமும் ஒருத்தர் ஆபீசில் வந்து கேட்கிறார். வரும் ஞாயிறு நாலாவது. போய்விட்டு வந்து எழுதுகிறேன். அப்புறம் உன் இஷ்டம்.

உன்,
அப்பாதுரை


மரக்காணம், கோயில்
25-5-2025
பிரசங்க நேரம்

என் பிரியமானவருக்கு,

இதைச் சாலம்மாள் உங்கள் கையில் கொடுத்ததும் திரும்பிப் பார்க்காதீர்கள். அரசப்பன் ஐயா பேசிக்கொண்டிருக்கிறார், மரியாதையாக முன்னால் பாருங்கள்.

நீங்கள் எழுதினது நிஜமா என்று பார்க்கத்தான் சொல்லாமல் வந்தேன். முதல் பஸ் பிடித்து, திண்டிவனத்தில் மாறி, பத்தரைக்கு இறங்கினேன். சாலம்மாள் வீட்டைக் கேட்டுப் போனேன், நாத்தனாருக்குக் கஞ்சி வைக்க வந்திருந்தார். "போஸ்ட் மாஸ்டர் வீட்டு அக்காதானே?" என்றார் பார்த்ததுமே. எப்படித் தெரியும் என்றேன். "உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லீங்க அவரு" என்றார். உங்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். முன்னால் நீங்கள். குனிந்து என் காலில் தண்ணீர் ஊற்றினீர்கள். வலது காலுக்கு ஒரு செம்பு, இடது காலுக்கு ஒரு செம்பு. "உள்ள போங்கம்மா" என்று சொல்லி, செம்பைக் கையில் கொடுத்துவிட்டு, பாடம் வாசிக்க வேகமாகப் போய்விட்டீர்கள். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவருக்கு என் கால் அடையாளம் தெரியவில்லை. இதற்கு வீட்டில் தனியாகக் கச்சேரி உண்டு. ஆனால் யாரோ ஒருத்தி என்று நினைத்தே அத்தனை பதமாக ஊற்றினீர்களே, அந்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள், "அக்கா, ஊத்துங்க, காலு எரியுது" என்று கத்தின பிறகுதான் நினைவு வந்தது.

ஒன்று சொல்கிறேன். ஆரணிக் கோயிலில் நான் ஆண்கள் பக்கம் திரும்பினதே இல்லை. திரும்பினால் நீங்கள் இல்லாத இடம் தெரியும். பாடும்போதும் கழுத்தை நேராக வைத்துக்கொண்டே பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு வந்ததிலிருந்து அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருக்கிறது. பின்னந்தலையில் முடி இன்னும் கொட்டியிருக்கிறது. பாட்டில் சுருதி கொஞ்சமும் சேரவில்லை. எனக்கு எல்லாம் நிறைவாக இருக்கிறது.

ஆசீர்வாதம் சொல்லி ஆமென் போட்டதும் திரும்புங்கள். ரெண்டு பெட்டியும் ஒரு மூட்டையும் சாலம்மாள் வீட்டில் இருக்கிறது. சும்மா பார்த்துவிட்டுப் போகிறவள் இத்தனையைத் தூக்கிக்கொண்டு வருவாளா?

இப்படிக்கு,
அமராவதி
பெண்கள் பக்கம், கடைசிப் பாய்