வலிக்காத நெஞ்சுக்கு முன்கூட்டியே ஒரு முறைப்பாடு

அனுப்புநர்:
மாடசாமி சுதர்சினி,
கொழுந்து பறிக்கும் தொழிலாளி,
பூனைக்கல் தோட்டம், மேற்பிரிவு,
நமுனுகுல.
(பதில் அனுப்ப: ஷுக்ரி பலசரக்குக் கடை, பசறை)

பெறுநர்:
உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள்,
மாவட்டத் தொழில் அலுவலகம்,
பதுளை.

விடயம்: இதயமாற்றுச் சத்திரசிகிச்சை பெற்ற என்னை மடுவத்து வேலையிலிருந்து நீக்கி, மலை ஏறப் பணித்தமை தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. பதில் முகவரியைத் தோட்டத்துக்கு வெளியே தந்திருப்பதைத் தாங்கள் தவறாக எண்ணக் கூடாது. தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் காரியாலயத்தைச் சுற்றிக்கொண்டுதான் எங்கள் லயத்து வீடுகளுக்கு வருகின்றன. எனக்கு வரும் கடிதத்தை எனக்கு முன்னால் யார் படிப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆகவே என் கணவர் வேலை செய்யும் கடையின் முகவரியைத் தந்துள்ளேன்.

2. இரண்டு வருடங்களுக்கு முன் கண்டியில் எனக்கு இதயமாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கு முன்பெல்லாம் படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்குவேன். இப்போது கால் நீட்டிப் படுக்கிறேன், சமைக்கிறேன், மகளுக்குத் தலை பின்னி விடுகிறேன். மாத்திரைகளால் கை சற்று நடுங்குவதால் பின்னல் கோணலாகப் போகும். அவள் அப்படியே பள்ளிக்கு ஓடுவாள். இந்த இதயம் யாருடையதோ, அவரை நினைத்துத்தான் தினமும் விளக்கேற்றுகிறேன்.

3. வைத்தியரின் ஆலோசனைப்படி, சமதரையில் இருக்கும் மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், எனக்கு வேலை தந்தார்கள். அதற்கு நன்றியுடையேன். சென்ற மாதம் வெளிக்கள உத்தியோகத்தர் திரு. ஜனகன், ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்படி திடீரென்று கூறினார். இதயம் நன்றாக இயங்குகிறது என்று கிளினிக் அறிக்கை சொல்வதே அவர் காட்டிய காரணம். காலையில் எல்லோரும் பெயர் கொடுக்க நிற்கும் பெரட்டுக்களத்தில் வைத்து, "எங்க நெஞ்சைவிட உங்க நெஞ்சு நல்லா இருக்குங்க, அப்புறம் என்ன?" என்று கேட்டார். பலர் சிரித்தார்கள். மறுநாள் மடுவத்தில் என் இடத்தில் நின்றவர் கம்சலா, திரு. ஜனகனின் மனைவியின் தங்கை. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் கூறவில்லை. தாங்கள் விசாரிக்க வேண்டும் என்று மட்டுமே கூறுகிறேன்.

4. அறிக்கை பொய்யல்ல. ஆனால் அது என்னைப் படுக்க வைத்து எடுத்த அறிக்கை. மற்றவர்கள் ஏறத் தொடங்கியதுமே அவர்களின் இதயம் வேகம் எடுத்துவிடும். எனக்குச் சத்திரசிகிச்சையில் இதயத்துக்குரிய நரம்புகள் அறுபட்டிருப்பதால், நான் ஏறுகிறேன் என்ற செய்தி இதயத்துக்கு உடனே போய்ச் சேர்வதில்லை என்று வைத்தியர் விளக்கினார். பாதி மலை போன பின்புதான் அது விழித்துக்கொள்ளும்; நான் உட்கார்ந்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் தோட்டத்திலோ, பெரட்டு முடிந்ததும் கங்காணியின் பின்னால் ஒரே மூச்சில் ஏற வேண்டும். பிந்தினால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்.

5. ஆகவே வைத்தியர் சொன்னபடி, பெரட்டுக்கு முன்பே வந்து களத்தைச் சுற்றி மெல்ல நடந்து உடம்பைப் பழக்கினேன். அதைத் திரு. ஜனகன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று தொலைபேசியில் படம் பிடித்திருக்கிறார். உடற்பயிற்சி செய்பவளுக்கு மலை ஏற முடியாதா என்று அந்தப் படத்தைப் பலரிடம் காட்டியதாக அறிகிறேன்.

6. பின்னர் எனக்கு ஒரு சோதனை வைத்தார்கள். தோட்ட மருந்தகத்துக்குச் செல்லும் செங்குத்தான படிகளை நான் ஏற வேண்டும், மேலே மருந்தாளர் திரு. தர்மலிங்கம் நாடி பார்ப்பார் என்பது ஏற்பாடு. ஏறுமுன் தேநீர் தந்தார்கள்; தேநீரால்தான் நாடி ஓடியது என்று பின்னர் சொல்லிவிடக் கூடாதென்று நான் குடிக்கவில்லை. உச்சிப்படியில் எனக்குக் கண் இருண்டது. ஆனால் அவர் பிடித்த கையில் நாடி, கீழே நின்றபோது இருந்த வேகத்திலேயே இருந்தது. "ஏறி வந்த மாதிரியே இல்லையேம்மா" என்றார். அங்கிருந்த மர வாங்குப் பலகையில் உட்கார்ந்த பிறகுதான் அது ஓடத் தொடங்கியது. உட்கார்ந்திருப்பவளுக்கு நாடி எப்படி ஓடும், ஏதோ மாத்திரையை வாயில் ஒதுக்கி வைத்திருக்கிறாய் என்றார் திரு. ஜனகன். நான் வாயைத் திறந்து காட்டினேன். திரு. தர்மலிங்கம் கெட்டவர் அல்லர். எல்லோருக்கும் நாடி பார்ப்பதைப் போலத்தான் எனக்கும் பார்த்தார்.

7. இப்போது நன்றாக இருப்பதற்கே பயமாக இருக்கிறது, ஐயா. தண்ணீர் வாளியை ஆள் பார்க்கும்போது தூக்குவதில்லை. கோயில் முன்றலில் சிரித்துப் பேசுவதில்லை. கம்சலா வழியில் கண்டு, "இன்னைக்கு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டபோது, சுகமாக இருந்த நாளிலும் சுகமில்லை என்றேன். அவர் அன்பாகக் கேட்டாரா, கேட்டு வரச் சொன்னார்களா என்று இன்றுவரை தெரியவில்லை. ஏன் பொய் சொன்னீங்க என்று மகள் கேட்டாள். உயிர் பிழைத்து வந்தது இப்படி ஒளிந்து வாழ்வதற்கா என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

8. என்னால் ஏற முடியுமா என்பதைக் கண்டி வைத்தியர் தீர்மானிக்க வேண்டும், தோட்டம் அல்ல. அதுவரை மடுவத்து வேலையை எனக்குத் திருப்பித் தரப் பணிக்குமாறு வேண்டுகிறேன். தங்கள் அலுவலர் எவரேனும் வந்தால் அதே படிகளை மீண்டும் ஏறிக் காட்டுவேன். நான் உட்கார்ந்த பிறகும் அவர் கையை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

9. கடைசியாக ஒன்று. நரம்பு அறுபட்ட இந்த இதயம் மலையில் எனக்குத் துரோகம் செய்தால், நெஞ்சு வலிக்காமலே போகலாம் என்று வைத்தியர் எச்சரித்துள்ளார். அன்று தோட்டத்தில் விசாரணை நடக்கும். நெஞ்சு வலிக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் அந்த வார்த்தையை இப்போதே, கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் தங்களிடம் சொல்லி வைக்கிறேன்.

தங்கள் விசாரணையை எதிர்பார்த்திருக்கும்,
மா. சுதர்சினி
(ஒப்பம்)

இடம்: பசறை
திகதி: 12.03.2025