பிரான்ஸ் கீரைத் தொட்டி

இயேசு மரி சூசை துணை

ஞானஒளிபுரம், மதுரை
24-3-2003

அன்பு மகள் எஸ்தருக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்து எழுத வேண்டும், போன கடிதம் வரைக்கும் அந்த வரியைக் கை தானாகவே எழுதிவிடும், இன்றைக்கு இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது, அதனால் அதை விட்டுவிட்டு மேலே போகிறேன். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். போன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் தபாலாபீஸ் பெஞ்சில், பசை டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், காகிதம் ஒட்டியிருந்தால் மன்னித்துக்கொள்.

முதலில் செடி விஷயம். நம்முடைய டாரகன், அம்மா சொல்லும் அந்தப் பிரான்ஸ் கீரை, செத்துப்போய்விட்டது. உன் பிரசவத்துக்குப் பிரான்சுக்கு வந்திருந்தபோது நீ அந்த இலையைப் போட்டு வைத்துக் கொடுத்த கோழியைப் பற்றி அம்மா சொல்லாத நாள் கிடையாது, அது உனக்கும் தெரியும். வயிற்றில் ஆபரேஷன் ஆன பிறகு எந்தச் சாப்பாட்டு வாசம் பட்டாலும் குமட்டல். இருந்தாலும் ஒருநாள் அவளாகவே, ஏங்க, அந்தப் பிரான்ஸ் கீரை போட்ட கோழி இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுவேன் என்றாள். வாய் திறந்து அவள் கேட்ட ஒரே பண்டம் அதுதான். டாக்டரும் நாற்பது கிலோவாவது வரட்டும், அப்புறம்தான் அடுத்த மருந்தை ஏற்ற முடியும் என்று சொல்லியிருந்தார். நீ அனுப்பிய காய்ந்த இலையை வைக்கோல் வாசம் அடிக்குது என்று தள்ளிவிட்டாள். சரி, இலை பச்சையாகவே வேண்டும், நாமே வளர்த்துவிடுவோம் என்று கிளம்பினேன் பார், அங்கேதான் என் புத்திசாலித்தனம் ஆரம்பம்.

நீ அனுப்பிய விதை என் நெஞ்சுயரத்துக்கு வளர்ந்ததையும், தெருவே வந்து பார்த்ததையும், கடைசியில் மென்று பார்த்தால் அருகம்புல் மாதிரி இருந்ததையும் முன்பே எழுதினேன். அதை ருசித்துத் தின்ற ஒரே ஜீவன் பக்கத்து வீட்டு மலையம்மாளின் ஆடு. அது ருஷ்யா வகை, அசல் வகை விதை பிடிக்காது, வேரைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்று நீ கடையில் விசாரித்து எழுதிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துத் தாவரவியல் லேபில் அட்டெண்டராக இருந்தவனுக்கு இது தெரிய வேண்டாமா என்றால், நான் அங்கே கண்ணாடி ஸ்லைடுகளைக் கழுவினேனே தவிர அதில் இருந்ததைப் படிக்கவில்லை. கிறிஸ்துமசுக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் ஈரத்துணியில் சுற்றி மூன்று வேர்த்துண்டு கொண்டுவந்தார், இரண்டு போய் ஒன்று பிழைத்தது. அதை அம்மாவின் ஜன்னலுக்கு வெளியே ஓரமாகத் தொட்டியில் வைத்து மேலே ஓலைத்தட்டி கட்டினேன். சிம்மக்கல்லில் செடி விற்கும் சின்னச்சாமியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் இலையைக் கிள்ளி மோந்துவிட்டு, அண்ணே, இது நம்ம மரிக்கொழுந்துக்குப் பங்காளிண்ணே, ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு நிக்காது, எங்கிட்ட மஞ்சப் பூ வைக்கிற வகை ஒண்ணு கெடக்கு, கசக்குனா இதே சோம்பு வாசம், அம்புட்டு வெயிலயும் தாங்கும், அதை வைங்க என்றார். டூப்ளிகேட் எல்லாம் வேண்டாம், என் வீட்டுக்காரிக்கு அசல்தான் வேண்டும் என்று பெரிய இவன் மாதிரிச் சொல்லி அனுப்பிவிட்டேன். போகும்போது அவர் ஒன்று சொன்னார், தண்ணி மட்டும் பாத்து ஊத்துங்கண்ணே, கூடிப்போனா வேர் அழுகிரும் என்று. இந்த ஊரில் யாரைப் பார்த்து என்ன சொல்கிறார் பார். குழாயில் தண்ணீர் வந்து மாதக்கணக்காகிறது, நாலு நாளைக்கு ஒரு லாரி, குடத்தோடு சண்டை. இரண்டு நாளைக்கு ஒரு டம்ளர், அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட நான் ஊற்றவில்லை.

பிப்ரவரியில் ஒரு சாண் உயரம் வந்தது. ஓர் இலையை மென்றேன், நாக்கு லேசாக மரத்தது, அசல்தான். இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்தேன், மூக்கில் வைத்துக்கொண்டு இதாங்க என்றாள். ஈஸ்டருக்குக் கோழி என்று அன்றைக்கே முடிவு செய்தோம். அதற்கு நடுவில் காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் நான் நொய்க்கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், கொஞ்ச நேரத்தில் டம்ளரைக் காலியாகக் காட்டுவாள். அதைத்தான் உனக்கு அப்படிப் பெருமையாக எழுதினேன், என் கைப்பக்குவம், அம்மா ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறாள் என்று. எடை பார்க்கப் போவோம் என்றால் மட்டும் இன்றைக்கு ஜெபமாலை, நாளைக்குச் சிலுவைப்பாதை என்று தள்ளிப்போடுவாள். தவக்காலம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் செடி மஞ்சளாகித் தலை சாய்ந்தது. தாகம்போல என்று நினைத்து இன்னொரு டம்ளர் ஊற்றினேன். மூன்றாம் நாள் பிடுங்கினால் கையோடு வந்தது, வேர் சளசளவென்று அழுகியிருந்தது. தொட்டியைக் கவிழ்த்தேன், புளித்த வாடை, ஈரம் காயாமலிருக்க நான் மேலே பரப்பிய சருகுக்கு அடியில் மண்ணெல்லாம் கூழாக, அதற்குள் நொய். மலையம்மாள் வீட்டில் மிஞ்சியதைக் கொட்டியிருக்கிறாள் என்று போய்ச் சத்தம் போட்டேன். அந்தப் பொம்பளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக, அண்ணே, நான் ஊத்தலண்ணே, மதினிதான் ஜன்னல் வழியா ஊத்துது, உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிருச்சு என்றாள். எத்தனை நாளாக என்றேன். செடி வச்ச நாள்ல இருந்து என்றாள்.

அம்மா குடித்தாள் என்று நான் உனக்கு எழுதிய கஞ்சி முழுக்க அந்தத் தொட்டிதான் குடித்திருக்கிறது, தாயி. நான் பக்கத்து அறையிலேயேதான் இருந்தேன். மலையம்மாளிடம் மன்னிப்புக்கூடக் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று கட்டாயப்படுத்தி ஆட்டோவில் கூட்டிப்போய் எடை பார்த்தேன். முப்பத்திமூன்று. டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இனிமேல் மருந்து ஏற்றுவதற்கில்லை, வீட்டிலேயே வைத்து மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளியூரில் பிள்ளைகள் இருந்தால் வரச்சொல்லிவிடுங்கள் என்றார். வெளியே வந்தேன். டாக்டர் என்ன சொன்னாருங்க என்று கேட்டாள். நல்லா சாப்பிடச் சொன்னார் என்றேன். சரிங்க என்றாள். இரண்டு பேரும் எவ்வளவு நன்றாகப் பொய் சொல்கிறோம் பார், இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்கே தெரிகிறது.

அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. சின்னச்சாமியிடம் போய் அந்த மஞ்சள் பூ வகையையே வாங்கிவந்தேன், மனுஷன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. புது மண் போட்டு அதே தொட்டியில், அதே ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். இதற்கும் தண்ணி கம்மியாத்தாண்ணே விடணும் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். இன்று காலையும் கஞ்சி கொடுத்தேன், அரை டம்ளர்தான், கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். அவளுக்கு ஊற்ற ஓர் இடம் வேண்டுமே.

அவசரப்பட்டு வராதே, அம்மா தேறி வருகிறாள், ஜூலை லீவில் வந்தால் போதும் என்று போன மாதம் எழுதியதும் இந்த அப்பாதான். அந்த வரியை அடித்துவிட்டு இதைப் படி. ஜூலை வேண்டாம். ஈஸ்டரும் வேண்டாம். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே டிக்கெட் போடு.

பேரனுக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர். மாதா உங்களை வழியெல்லாம் காத்துக் கூட்டிக்கொண்டு வரட்டும். ஒரு ஞாபகம், போனில் பேசும்போது கஞ்சிப் பேச்சை எடுக்காதே, லீவு தானாகக் கிடைத்தது என்று சொல். கீரை என்ன ஆச்சு என்று நீயாகக் கேட்டால், நல்லா வருது என்பாள், சரி என்று கேட்டுக்கொள். வரும்போது விதை, வேர், காய்ந்த இலை எதுவும் கொண்டுவர வேண்டாம். கையை வீசிக்கொண்டு வா, அது போதும்.

இப்படிக்கு உன் அப்பா,
அ. மரியராஜ்
லேப் அட்டெண்டர் (ஓய்வு)